முட்டுக் கொடுத்த வண்டி

பின்சந்து முழுவதும் சரிவு. எஸ்டன் குன்றின் அடியிலிருந்து கல் பாவிய தரை கீழ்த்தெருவரை வழுக்கிக்கொண்டு போகிறது. அதில் சமதளம் என்று சொல்ல ஒரே இடம்தான். டெரெக் வீட்டுக் கொல்லைக் கதவுக்கும் டக்கி வீட்டுக் கொல்லைக் கதவுக்கும் நடுவே யாரோ எந்தக் காலத்திலோ காங்கிரீட் போட்ட பதினைந்தடி. அந்தப் பதினைந்தடிக்காக டெரெக் காலையிலேயே ஆறு குப்பைத் தொட்டிகளை நகர்த்தி, மழைத் தண்ணீரைப் பெருக்கித் தள்ளி, நீர்மட்டம் வைத்து நாலு மூலையும் பார்த்துவிட்டான். இப்போது சனிக்கிழமை மதியம் மணி ஒன்றே முக்கால். நீலக் கார் அங்கே முகத்தை மேட்டுப் பக்கம் வைத்துக்கொண்டு நின்றது.

"நம்ம கல்யாணத்துக்குக்கூட நீ இவ்வளவு ஏற்பாடு பண்ணலை," என்றாள் லொரேன்.

"கல்யாணம் மேல விழுந்தா ஆள் சாகமாட்டான்."

"அதை என்னைக் கேளு."

அவள் கையில் தேநீர்க் கோப்பை. மழைக் கோட்டுக்கு உள்ளே முதியோர் பராமரிப்புக் கம்பெனியின் சட்டையைக் கழற்றாமலே நின்றாள். மதியச் சுற்றில் ஐந்து வீடுகள். ஐந்திலும் வயதானவர்களைத் தூக்கி உட்கார வைத்து, துடைத்து, சூப் ஊட்டி, மாத்திரை கொடுத்து, பஸ் பிடித்து வந்திருந்தாள். அடுத்த வீடு மூன்றரைக்கு. நடுவில் இருக்கிற நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. அது அவளுடைய சொந்த நேரம் என்று கம்பெனி சொல்லும். அந்தச் சொந்த நேரத்தில்தான் அவள் காவலுக்கு நின்றாள். வண்டிக்கு அடியில் ஒருவன் படுத்தால் வெளியே ஒருவர் நிற்க வேண்டும் என்பது டெரெக்கின் சட்டம்.

வியாழக்கிழமை வருடச் சோதனையில் கார் தேறவில்லை. பின்பக்கம் வலது சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாய் துருவேறி உப்பியிருந்தது. தாளில் 'ஆபத்து' என்று அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். டக்கியின் வேனில் கயிறு கட்டித்தான் வீட்டுக்கு இழுத்து வந்தார்கள். கார் இல்லாத பராமரிப்பாளருக்குக் கம்பெனியில் வேலை இல்லை. சேரும்போதே எழுதி வாங்கியிருந்தார்கள். அலுவலகத்தில் சுற்றுப் பிரித்துக் கொடுக்கும் கெய்லி என்ற பெண் போனில் தேனாகப் பேசினாள். "திங்கள் மத்தியானம் வரைக்கும் பஸ்ல சமாளிங்க டார்லிங். அதுக்கு மேல என் கையில இல்லை. பர்சனலா எடுத்துக்காதீங்க." லொரேனின் சம்பளம் ஒன்றில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. உருக்காலை மூடின பிறகு டெரெக்கை யாரும் நிரந்தரமாக எடுக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயது, ஒரு முழங்கால் போச்சு. யார் எடுப்பார்கள்?

டெரெக் முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை அடித்தான். ஹேண்ட் பிரேக்கை இழுத்தான், கியரிலும் போட்டான். அப்புறமும் கட்டைகளைக் காலால் உதைத்துப் பார்த்தான்.

"ஹேண்ட் பிரேக் போட்டாச்சே, அப்புறம் என்னத்துக்கு இந்தக் கட்டை?" என்றாள் லொரேன்.

"ஹேண்ட் பிரேக் பிடிக்கிறது பின்சக்கரத்தை. அதைத்தானே தூக்கப் போறேன். அந்தரத்துல தொங்கறதை அது பிடிச்சு என்ன ஆகப் போவுது?"

டக்கி சிகரெட்டோடு தன் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வந்தான். ஆலையில் கிரேன் ஓட்டியவன். டெரெக் அங்கே இருபத்திரண்டு வருடம் தொழிலாளர் பாதுகாப்புப் பிரதிநிதி. ஒருமுறை கிரேனில் பாரம் தூக்கும் பட்டையில் நாலு நூல் பிரிந்திருந்ததென்று வேலையை நாற்பது நிமிடம் நிறுத்தி வைத்தான். அன்றிலிருந்து அவனுக்குச் சிவப்புக்கொடி என்று பேர்.

"என்ன சிவப்புக்கொடி, இன்னும் பூஜையே முடியலையா? நானா இருந்தா ரெண்டு செங்கல்லை அண்டை கொடுத்துட்டு இந்நேரம் முடிச்சு பப்புக்குப் போயிருப்பேன்."

"நீயா இருந்தா உனக்கு மாலை வாங்க நாங்க போயிருப்போம்."

ஜாக்கியைப் பின் இருசின் நடுவில் கொடுத்து ஏற்றினான். வண்டியின் பின்பக்கம் மெல்ல எழுந்தது. சக்கரங்கள் தரையை விட்டு ஒரு சாண் உயரம் வந்ததும், இரும்பு ஸ்டாண்டு இரண்டையும் பக்கத்துக்கு ஒன்றாக, கதவுக்கடியில் ஓடும் அடிப்பட்டையில் ஜாக்கி கொடுக்க என்றே அடையாளம் வைத்திருக்கும் இடத்தில் நிறுத்தினான். இரண்டும் ஒரே பல்லில் நிற்கிறதா என்று எண்ணினான். பூட்டு ஊசியைச் செருகினான். ஜாக்கியை இம்மி இம்மியாக இறக்கினான். வண்டி ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்து ஒரு முனகல் விட்டது. ஜாக்கி கைப்பிடி தளர்ந்தது.

"முடிஞ்சுதா? மணி ரெண்டு பத்து," என்றாள் லொரேன்.

"ஆட்டணும்."

"எதை?"

"வண்டியை. ஆட்டிப் பாக்காத முட்டு முட்டே இல்லை. விழறதா இருந்தா நான் வெளியே நிக்கும்போது விழட்டும்."

டக்கி சிரித்தான். "இவன் பெத்த புள்ளையைக்கூடத் தொட்டில்ல போட்டு மூணு ஆட்டு ஆட்டிட்டுத்தான் விட்டிருப்பான்."

டெரெக் பின்பக்கத் தூணில் இரண்டு கையையும் ஊன்றினான். ஒருமுறை லேசாகத் தள்ளினான். அசையவில்லை. இரண்டாம் முறை தோளைக் கொடுத்துத் தள்ளினான். அசையவில்லை. மூன்றாம் முறை நல்ல காலை ஊன்றி உடம்புப் பாரம் முழுவதையும் போட்டான்.

பிஸ்கட் டின்னை மிதித்தாற்போல ஒரு சத்தம். வலது பக்கம் சட்டென்று அமர்ந்தது. சக்கரம் காங்கிரீட்டில் மோதி ஒரு துள்ளல் துள்ளி நின்றது. ஸ்டாண்டு சாயவில்லை, வழுக்கவில்லை, வைத்த இடத்தில் அப்படியே நின்றது. அதன் தலை மட்டும் அடிப்பட்டையைக் கிழித்துக்கொண்டு வண்டிக்குள்ளே போயிருந்தது.

லொரேனின் கோட்டெல்லாம் தேநீர்.

"ஐயோ ஆண்டவரே," என்றான் டக்கி. "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுடா. நீ மட்டும் உள்ளே போயிருந்தே..."

"தலைப்பாகையா?" என்றாள் லொரேன். "அது எங்க சோத்துப் பானை, டக்கி."

டெரெக் மறுபடி ஜாக்கி கொடுத்து வண்டியை ஏற்றி, கிழிந்த இடத்தை விடுவித்தான். வெளிப்பக்கம் மூடியிருந்த நீளமான பிளாஸ்டிக் மூடியைக் கத்தியால் நெம்பிக் கழற்றினான். உள்ளேயிருந்து ஈரத் துரு இலைச் சருகாகக் கொட்டியது. அவன் குந்தி உட்கார்ந்து ஸ்க்ரூ டிரைவரை நுனியில் வைத்து அழுத்தினான். பலமே கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பிடிவரை போயிற்று. ஒரு விரற்கடை தள்ளிக் குத்தினான், போயிற்று. இன்னும் முன்னால் குத்திக்கொண்டே போனான். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் தூண் வந்து இறங்கும் இடம்வரை எல்லாம் புற்று. அந்தத் தூணின் அடியில்தான் இருக்கை பெல்ட்டின் போல்ட்டு.

"அவங்க சோதனையில இதைப் பாக்கலையே," என்றாள் லொரேன்.

"மூடியைக் கழட்டிப் பாக்க அவங்களுக்கு அனுமதி இல்லை. வெளியே பாத்தா பளபளன்னு இருக்கு. கடல் காத்தும் ரோட்டுல போடற உப்பும் உள்ளே பூந்து எத்தனை வருஷமா தின்னுருக்கோ."

"அப்போ தாள்ல பிரேக் குழாய் மட்டும்தானே இருந்துச்சு."

"ஆமா."

"அதை மாத்தியிருந்தா திங்கக்கிழமை தேறியிருக்கும்."

"ஆமா."

லொரேன் கோப்பையின் அடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அரை மணி வேலைன்னு நீதானே சொன்னே. நீ ஆட்டாம இருந்திருந்தா அந்த அரை மணி தாங்கியிருக்காதா?"

டக்கி வாயிலிருந்து சிகரெட்டை எடுத்தான்.

"நான் அடியில இருந்திருப்பேன் லொரேன்," என்றான் டெரெக்.

"தெரியும்."

அவள் அந்தக் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ள நேரமும் இல்லை. பஸ் பிடிக்க ஓடினாள். அவள் கேட்டதற்காக டெரெக்குக்குக் கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவன் மனசும் அதே கணக்கைப் போட்டு முடித்திருந்தது. அரை மணி தாங்கியிருக்கும். ஒருவேளை ஒரு மணிகூடத் தாங்கியிருக்கும். இருபத்திரண்டு வருடம் அடுத்தவன் எதைச் சொல்லக்கூடாது என்று கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினானோ, அதையே தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஸ்டாண்டுகளைத் துரு தொடாத பின் இருசுக்கு அடியில் மாற்றி வைத்தான். மறுபடி ஆட்டினான். டக்கி இந்தத் தடவை கேலி செய்யவில்லை. சக்கரங்களைக் கழற்றி, வண்டி விழுந்தாலும் அவை தாங்கட்டும் என்று அடியில் படுக்கப் போட்டுவிட்டு, டெரெக் உள்ளே போனான். டக்கி காவல் நின்றான். பழைய குழாயை அறுத்தெடுத்து, செம்புக் குழாயை அதே வளைவில் வளைத்து, கிளிப் கிளிப்பாகக் கட்டி, பிரேக் எண்ணெயில் புகுந்த காற்றை வெளியேற்றி முடித்தபோது சந்தில் விளக்கு எரியத் தொடங்கிவிட்டது. வெளியே வந்ததும் வெல்டிங் ஆளுக்குப் போன் செய்தான். மூன்று வாரம் வரை கையில் வேலை இருக்கிறது என்றார். தோராயமாக அவர் சொன்ன தொகைக்கு இதே மாதிரி இன்னொரு கார் வாங்கலாம். டெரெக் நன்றி சொல்லிப் போனை வைத்தான்.

லொரேன் வந்தபோது ஏழரை. மூன்றரை வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிடம் தாமதமாகப் போனாளாம். பஸ் வரவில்லை. அந்த வீட்டு மிசஸ் ஹார்க்கர் ஈரத் துணியிலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாளாம். ரொட்டியும் பீன்ஸும் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன. டக்கியும் சமையலறை வாசலில் நின்றான்.

"நான் ஒண்ணு சொல்றேன், என்னை அடிக்கக் கூடாது," என்றான் டக்கி. "கண்ணாடி நாரும் ஓட்டை அடைக்கிற ஃபில்லர் பசையும் என்கிட்ட கிடக்கு. நாலு கை பூசி, மேல தார் பெயிண்டை அடிச்சு, மூடியை மாட்டிட்டா அந்த ஆண்டவனுக்கே தெரியாது. மூடியைக் கழட்ட அனுமதி இல்லைன்னு நீயே சொன்னே."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றே."

"ஊரே மறைச்சுத்தான்டா சாப்பிடுது."

"அது பெல்ட் கட்டியிருக்கற இடம் டக்கி. மோதினா தூணோட பிடுங்கிக்கிட்டு வந்துரும். பசை தாங்குமா? அது பாக்கத்தான் தகடு."

"பூசு," என்றாள் லொரேன்.

டெரெக் அவளைப் பார்த்தான்.

"பூசுன்னு சொல்றேன். அதுல உக்காரப் போறது நான். நீயில்லை."

"அதனாலதான் முடியாதுங்கறேன்."

"நீ அடியில படுக்கறதுன்னா மூணு தரம் ஆட்டிப் பாத்துக்கிட்டே. நல்லது, உசிரோட இருக்கே. எனக்கு அந்த வசதி கிடையாது. திங்கக்கிழமை கார் இல்லேன்னா சுற்று போச்சு, சுற்று போனா வாடகை போச்சு. மூணு வாரம் கழிச்சு வெல்டிங் பண்ணிக்கலாம்."

மூன்று வாரம் கழித்தும் பண்ணப் போவதில்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். டக்கி தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் செய்யமாட்டேன் லொரேன்."

"அப்போ டக்கி செய்யட்டும்."

டக்கியின் பூச்சு எப்படி இருக்கும் என்று டெரெக்குக்குத் தெரியும். அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "வேண்டாம். நானே பண்றேன்."

ஞாயிற்றுக்கிழமை மழை இல்லை. அக்கம்பக்கத்தில் மாதாகோயிலுக்குப் போகிறவர்கள் இரண்டு பேர் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். டெரெக் துருவைச் சுரண்டி எடுத்தான். எடுக்க எடுக்கத் தகடு என்று எதுவும் மிஞ்சவில்லை. வீட்டில் கிடந்த பழைய அடுப்புத் தட்டை வெட்டி உள்ளே கொடுத்தான். கண்ணாடி நாரை ஒட்டினான். பசையைத் தடவி, காய்ந்ததும் தேய்த்து, மறுபடி தடவினான். பெல்ட்டின் போல்ட்டைச் சுற்றி மட்டும் ஐந்து அடுக்கு வைத்தான். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தெரிந்தேதான் வைத்தான். தார் பெயிண்ட் அடித்து, ஈரம் காயும் முன்பே ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துத் தூவினான், புதுசாகத் தெரியக்கூடாதே என்று. அதை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆலையில் கங்காணிகள் எதையெல்லாம் எப்படியெல்லாம் மறைப்பார்கள் என்று தேடித் தேடிக் கண்டுபிடித்தவன் அவன். அந்த வித்தை அத்தனையும் கையில் இருந்தது. மூடியை மாட்டித் தட்டினான். யார் கையும் படாத கார் போல் இருந்தது. கொல்லைக் குழாயடியில் கை கழுவப் போனவன் தண்ணீரைத் திறந்துவிட்டபடியே வெகுநேரம் நின்றான்.

திங்கள் காலை மறு சோதனை. நரைத்த மீசைக்காரர் ஒருவர் காரை மேலே ஏற்றி, விளக்கைப் பிடித்துக்கொண்டு அடியில் நடந்தார். டெரெக் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். விளக்கு வெளிச்சம் அடிப்பட்டையின் மேல் ஓடியது. நிற்கவில்லை.

"இந்தக் குழாயை எந்தக் கடையில போட்டீங்க?"

"நானேதான் போட்டேன்."

"நீங்களா?" மீசைக்காரர் குனிந்து அவனைப் பார்த்தார். "வளைவைப் பாருங்க, கிளிப்பைப் பாருங்க. ஒரு இடத்துல உரசலை. அண்ணே, இப்படி மனசாட்சியோட வேலை பாக்கற ஆளு இப்ப எங்கே இருக்கான்?"

டெரெக்குக்குக் காது சுட்டது. ஓங்கி ஒரு அறை வாங்கியிருந்தால் இதைவிட லேசாக இருந்திருக்கும். தேர்ச்சித் தாளை வாங்கி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

லொரேன் பதினொரு மணிக்கே தாளைப் படமெடுத்துக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டுக் கெய்லியைக் கூப்பிட்டாள். சமையலறையில் ஒலிபெருக்கியில் வைத்திருந்தாள்.

"சூப்பர் டார்லிங்! ஆனா ஒண்ணு. உங்க எஸ்டன் சுற்றை சனிக்கிழமையே வேற ஆளுக்குக் கொடுத்துட்டோம். அந்தப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஹார்க்கரம்மா மகன் புகார் பண்ணிட்டாரு."

"நீங்க திங்கள் வரைக்கும்னு சொன்னீங்களே!"

"ஆமா டார்லிங், கார் விஷயத்துக்குத்தான் திங்கள். இது புகார் விஷயம், வேற. கவலைப்படாதீங்க, வேலை இருக்கு. மேட்டுப் பக்கம், டான்பி, காசில்டன் அந்த கிராமமெல்லாம். யாரும் போகமாட்டேங்கறாங்க, கார் நல்லா இருக்கணுமில்லை? நாளையிலிருந்து போடட்டுமா?"

லொரேன் டெரெக்கைப் பார்க்கவில்லை. "போடுங்க," என்றாள்.

செவ்வாய் விடியலில் குழாய்த் தண்ணீர்கூட உறைந்துவிட்டது. ஆறேகாலுக்கு வானம் சாம்பல் நிறத்தில் வெளுக்கத் தொடங்கியபோது டெரெக் செருப்போடு சந்துக்கு வந்து முன்கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக் கொடுத்தான். லொரேன் உள்ளே உட்கார்ந்து போனைத் திறந்தாள். சுற்று தொடங்கும் முன் வண்டிக்கு ஓர் உறுதிமொழி கேட்டுக் கம்பெனியிலிருந்து செய்தி வந்திருந்தது. அவள் சத்தமாகப் படித்தாள். "என் வாகனம் சாலையில் ஓடத் தகுந்தது. அதன் பாதுகாப்புக்கு நானே முழுப் பொறுப்பு." கட்டை விரலால் கட்டத்தைத் தொட்டாள். நன்றி லொரேன், உங்கள் பாதுகாப்பே எங்கள் அக்கறை என்று பச்சையில் ஒரு வரி வந்து மறைந்தது. அடுத்து வீடுகளின் பட்டியல்.

"முதல் வீடே பதினேழு மைல்," என்றாள். "இருபது நிமிஷம் போட்டிருக்கான்."

"மேட்டு ரோடு பூரா பனி லொரேன். மெதுவாப் போ."

"மெதுவாப் போனா பன்னிரண்டு நிமிஷம் தாமதம். போன தடவை அதுக்கு என்ன ஆச்சுன்னு பாத்தியே."

"அப்பவும் மெதுவாப் போம்மா."

அவள் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். கொக்கி 'டக்' என்று விழுந்தது. இருவரும் அதைக் கேட்டார்கள். டெரெக் ஜன்னல் பக்கம் குனிந்து நின்றான், உள்ளங்கையைக் கார் கூரையில் ஊன்றி. இரும்பு கையைச் சுட்டது. அப்படிக் குளிர்.

"கையை எடு டெரெக். நேரமாச்சு."

அவன் எடுத்தான். உறைபனியில் ஐந்து விரலும் கருப்பாகப் பதிந்திருந்தன. கார் அந்தக் கைத்தடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தின் மேட்டில் ஏறி, பிரேக் விளக்கு இரண்டும் ஒன்றுபோல எரிய, குன்றுப் பக்கம் திரும்பியது.